மூன்றாவது ஆள் யார்?

மாசான்
1987 ஜூலை 14

அன்புள்ள ஜுன்மோ அம்மாவுக்கு,

அக்கா என்று எழுதுவதா, சம்பந்தியம்மா என்று எழுதுவதா என்று பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சியோல் சிறை வாசலில் காத்துக் கிடந்த நாளெல்லாம் உங்களை அக்கா என்றே கூப்பிட்டு வாய் பழகிவிட்டது. தப்பாக நினைக்காதீர்கள்.

நாங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். மிரான் நன்றாகச் சாப்பிடுகிறாள். என் வீட்டில் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு சிறைக் கதை கேட்கிறார்கள். சிரித்துச் சிரித்துத்தான் சொல்கிறாள். ஆனால் தூங்கப் போகும்போது, "அம்மா, வெளக்க அணைக்காதே" என்கிறாள். உங்கள் ஜுன்மோவும் அப்படித்தானா?

அவள் அப்பாவைப் பற்றி உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. முதலில் அவர் கேட்டது, "நம்ம பக்கத்துல பையனே இல்லையா? அந்த மேக்குப் பக்கத்து ஜொல்லாக்காரன்தான் கெடச்சானா?" என்றுதான். கல்லூரிக்குள் போலீஸ் புகுந்த அன்று ஜுன்மோ தன்மேல் கவிழ்ந்து படுத்து அத்தனை தடியடியையும் தோளில் வாங்கிக்கொண்டதை மிரான் சொன்னாள். மறுநாளிலிருந்து தினமும், "அந்தப் பையனால இப்பக் கையத் தூக்க முடியுதாமா?" என்று கேட்கிறார். அவருக்குச் சம்மதம் சொல்லத் தெரிந்த விதம் அவ்வளவுதான்.

டிசம்பரில் ஜனாதிபதி தேர்தலாம். பதினாறு வருஷம் கழித்து நாமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப் போகிறோம். பிள்ளைகள் தெருவில் இறங்கி அடிபட்டதற்குப் பலன். "ஓட்டப் போட்டுட்டு, அந்த ஞாயித்துக்கெழமையே கல்யாணத்த வச்சுருவோம். ரெண்டு நல்ல காரியமும் ஒண்ணா நடக்கட்டும்" என்கிறார் இவர். டிசம்பர் 20 உங்களுக்கு வசதிப்படுமா? உங்கள் பக்கத்து ஆட்கள் கைமணத்துக்குப் பேர்போனவர்கள். எங்கள் கல்யாணச் சாப்பாட்டை என்ன சொல்வார்களோ என்று இப்போதே எனக்குப் பயம்.

முதல் நாள் நான் பேசியதைக் கேட்டு, "என்னம்மா, வாயில மீன வச்சுக்கிட்டா பேசுற?" என்று கேட்டீர்களே. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீங்கள் பேசியதிலும் எனக்குப் பாதி விளங்கவில்லை. அன்று சொல்லவில்லை.

தங்கள் தங்கை
காப்சூன்


மோக்போ
1987 செப்டம்பர் 6

மிரான் அம்மாவுக்கு,

அக்காவே இருக்கட்டும். சம்பந்தியம்மா என்று யாராவது கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

டிசம்பர் 20 எங்களுக்குச் சரி. தாமதமாக எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். மீன் வரத்து அதிகம், கையெல்லாம் உப்பு. இத்துடன் காய்ந்த கெளுத்தி ஒரு கட்டு அனுப்புகிறேன். கழுவாதீர்கள், அப்படியே தணலில் வாட்டிக் கஞ்சியோடு கொடுங்கள். எங்கள் கடையில் அதைவிட நல்லது இல்லை.

ஜுன்மோவும் விளக்கை அணைக்க விடுவதில்லை.

தேர்தல் பேச்சுதான் சந்தை முழுக்க. எங்கள் ஊர்த் தலைவர் சிறை, நாடு கடத்தல் எல்லாம் பார்த்தவர். உங்கள் ஊர்த் தலைவர் வீட்டுக் காவலிலேயே பட்டினி கிடந்தவர். இருவரும் ஒரே கட்சி, ஒரே மேடை. எதிரே நிற்கப்போவது பட்டாளத்திலிருந்து வந்தவர். நம் இருவரில் ஒருவர்தான் நிற்போம் என்று இரண்டு பேரும் பத்திரிகையில் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே யாரைக் கேட்டாலும், ஒருத்தர்தான் நிற்பார் என்கிறார்கள். அந்த ஒருத்தர் யார் என்றால், "நம்ம ஆள்தான், வேற யாரு?" உங்கள் ஊரில் என்ன சொல்கிறார்கள்?

எனக்கு யார் நின்றாலும் ஒன்றுதான். என் தம்பி தல்சூவைப் பற்றிச் சிறை வாசலில் உங்களிடம் சொன்னேன். எண்பதாம் வருஷம் குவாங்ஜூவில் பட்டாளம் சுட்டதில் போனவன். பஸ் ஓட்டுகிறவன், அரசியல் ஒன்றும் தெரியாது. காயம்பட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனான், அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். அந்தப் பட்டாளத்து ஆள் எவரும் மறுபடி அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. என் அரசியல் இதோடு முடிந்தது.

மிரானைக் குளிரில் அலைய விடாதீர்கள்.

போங்ரே


மாசான்
1987 நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

கெளுத்தி வந்தது. மிரான் அப்பா முள்ளைக்கூட விடவில்லை. அப்போதே எழுதியிருக்க வேண்டும். இன்று எழுத உட்கார்ந்தால் நல்ல சேதி ஒன்றும் கையில் இல்லை.

உங்கள் ஆள் கட்சியை விட்டு வெளியேறித் தனிக் கட்சி தொடங்கப் போகிறாராமே. இரண்டு பேரும் தனித்தனியாக நிற்கிறார்களாம். இது எப்படி அக்கா? இங்கே தெருவே கொதிக்கிறது. மிரான் அப்பா கட்சி அலுவலகத்திலேயே குடியிருக்கிறார். சாப்பிட வந்தால் பேச்சும் சோறும் ஒன்றாக விழுகிறது. "பட்டாளத்துக்காரர் ஒருத்தர். அவர எதுக்க எங்க ஆள் ஒருத்தர். நடுவுல மூணாவதா எதுக்கு இன்னொருத்தர்? ஓட்டப் பிரிச்சு அவன ஜெயிக்க வைக்கவா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார்.

ஆனால் அக்கா, அவர் கேட்பதில் தப்பில்லையே. நீங்களே சொல்லுங்கள். உங்கள் சந்தையில் நீங்கள் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள் அல்லவா?

பிள்ளைகள் சேதி தெரிந்திருக்கும். மிரானும் ஜுன்மோவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் ஒரே வேட்பாளர்தான் வேண்டும் என்று சியோலில் எங்கள் கட்சி அலுவலகத் தாழ்வாரத்தில் சாப்பிடாமல் உட்கார்ந்தார்களாம். "அந்தப் பக்கத்து உளவாளிங்க" என்று போர்வையோடு சேர்த்து இழுத்து வெளியே போட்டார்களாம். அங்கிருந்து உங்கள் ஆளின் அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கேயும் அதே வார்த்தையாம், அதே மாதிரி இழுப்பாம். "சிறையில இவ்வளவு மோசமா இழுக்கலம்மா" என்று போனில் சொன்னாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

கல்யாண மண்டபத்துக்குச் சொல்லிவிட்டோம். அதில் மாற்றமில்லை.

காப்சூன்


மோக்போ
1987 நவம்பர் 8

மிரான் அம்மாவுக்கு,

மூன்றாவது ஆள் யார் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சந்தையில் போய்க் கேட்டேன். மூன்றாவது உங்கள் ஆளாம். ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொன்ன அதே வாக்கியம், ஊர்ப்பெயர் மட்டும் வேறு.

நாலாவதாகக்கூட ஒருவர் நிற்கிறார். பழைய பிரதம மந்திரி. அவரைத் திட்டுவதற்கு யாருக்கும் நேரமில்லை.

நீங்கள் கேட்டதால் கேட்கிறேன். எங்கள் ஆள் தூக்குத் தண்டனையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தபோது உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் அடுப்பு எரியவில்லை? எங்களுக்கு வேலை கிடையாது, உங்கள் ஊரில் வாடகைக்கு அறை கிடையாது, சினிமாவில் திருடன் வந்தால் எங்கள் பேச்சைத்தான் பேசுவான். இந்தத் தடவை எங்கள் ஆள் நின்றால் உடனே அவர் மூன்றாவது ஆளா? விட்டுக்கொடுப்பது எப்போதும் நாங்கள்தானா?

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆனால் உங்களிடம் ஒன்றை ஒளிக்கவும் மாட்டேன். இவர்கள் பேசுவதைக் கேட்கக் கேட்க எனக்கு அருவருக்கிறது. மீன் குடலுக்குள் கைவிட்டே வாழ்ந்தவள் நான், எனக்கு லேசில் குமட்டாது. பட்டாளத்துக்காரரைப் பற்றி இப்போது எங்கள் கடைத்தெருவில் யாரும் பேசுவதே இல்லை. உங்கள் ஆளைப் பற்றித்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை. என் வீட்டுக்காரர் நேற்று, "அவன் ஜெயிக்கிறதுக்கு பட்டாளத்தான் ஜெயிச்சாலும் பரவால்ல" என்றார். தல்சூவின் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பட்டினி கிடந்த பிள்ளைகளுக்கு எடுத்த எடுப்பில் சோறு கொடுக்காதீர்கள். நீர்த்த கஞ்சி.

போங்ரே


மாசான்
1987 நவம்பர் 17

சம்பந்தியம்மாவுக்கு,

சனிக்கிழமை குவாங்ஜூவில் எங்கள் தலைவரின் கூட்டத்துக்கு இங்கிருந்து பஸ்கள் போயின. மிரான் அப்பாவும் போனார். நான் வேண்டாம் என்றேன். "சம்பந்தி ஊருக்குப் பக்கம்தானே, என்ன பண்ணிருவாங்க?" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். வரும் வழியில் முடிந்தால் மோக்போ வந்து உங்களையும் பார்ப்பதாக இருந்தார். உங்களுக்கென்று ஒரு ஜாடி சோயாக் குழம்பு கையில் கொடுத்தனுப்பியிருந்தேன்.

மேடையில் தலைவர் பேச வாயைத் திறக்கக்கூட விடவில்லையாம். கல்மழை. இவருக்கு இடது புருவத்துக்கு மேலே கிழிந்து தையல் போட்டிருக்கிறது. பஸ் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. அந்தக் குளிரில் கண்ணாடி இல்லாத பஸ்ஸில் ரத்தத் துணியோடு ஊர் திரும்பினார்கள்.

"கூட்டத்துல அவன் அப்பனப் பாத்தேன். ஜுன்மோவோட அப்பன். என்னப் பாத்தான், நானும் பாத்தேன். அப்புறந்தான் கல்லு வந்துச்சு" என்கிறார். சுவரைப் பார்த்தும் பேசுவதில்லை.

உங்களை நேராகவே கேட்கிறேன். அவர் எறிந்தாரா?

காப்சூன்


மோக்போ
1987 நவம்பர் 22

மிரான் அம்மாவுக்கு,

கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை.

"நீங்க எறிஞ்சீங்களா?"

"எல்லாரும் எறிஞ்சாங்க."

"நான் எல்லாரையும் கேக்கல."

"எறிஞ்சேன். கல்லுல பேரெழுதியா எறிய முடியும்?"

"சம்பந்தியப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு எறிஞ்சீங்களா, எறிஞ்சுட்டுப் பாத்தீங்களா?"

சோற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அந்தக் கிண்ணத்தை நான் இன்னும் கழுவவில்லை. காய்ந்து கிடக்கிறது. தொட அருவருப்பாக இருக்கிறது.

எண்பதில் அதே தெருவில்தான் பெண்கள் அண்டா வைத்துச் சோறு பொங்கி உருண்டை உருட்டினார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் வாயில் திணித்தார்கள். நான் தல்சூவைத் தேடிப் போனபோது என் கையிலும் ஒரு உருண்டையைக் கொடுத்தார்கள். அந்தத் தெருவில் நின்றுகொண்டு இவர்கள் உங்கள் வீட்டுக்காரர்மேல் கல் எறிந்திருக்கிறார்கள். சுட்டவனைப் பார்த்து எறியவில்லை. ஜூன் மாதப் போராட்டத்தில் நமக்காக மாசானில் தெருவுக்கு வந்தவரைப் பார்த்து எறிந்திருக்கிறார்கள்.

மன்னிப்பு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஜுன்மோ சியோலிலிருந்து வந்திருக்கிறான். அவனை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். நத்தைச்சிப்பி கொடுத்தனுப்புகிறேன், பெரியதாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். கஞ்சி வைத்துக் கொடுங்கள், காயம் ஆறும். உங்கள் வீட்டுக்காரருக்குத் திட்டத் தோன்றினால் அவனைத் திட்டச் சொல்லுங்கள். கேட்டுக்கொள்வான். அவனை நான் அப்படி வளர்த்திருக்கிறேன்.

போங்ரே


மாசான்
1987 நவம்பர் 29

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் மகன் வியாழக்கிழமை இங்கு வந்து போனார்.

தற்போதைய நிலையில் டிசம்பர் 20 திருமணத்தை நடத்துவது இரு குடும்பத்துக்கும் நல்லதல்ல என்று என் கணவர் முடிவு செய்துவிட்டார். மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நிச்சயத்துக்குத் தாங்கள் அனுப்பிய பட்டுத் துணியைத் தனியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனிமேல் எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

பே காப்சூன்


மோக்போ
1987 டிசம்பர் 18

மிரான் அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

அன்று உங்கள் வாசலில் நடந்ததை ஜுன்மோ சொன்னான். நான்தான் பிடுங்கிக் கேட்டேன். கீழே உங்கள் கட்சிக்காரர்கள் கூடி நின்றதும், "ஜொல்லாக்காரன் முன்னால கும்புடுவான், பின்னால குத்துவான்" என்றதும், சிப்பிகளைத் தரையில் கொட்டி மிதித்ததும். அவன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினானாம். நீங்கள் கதவைப் பிடித்தபடி நின்றீர்களாம். திட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "அவங்க அழுதாங்களான்னு தெரியலம்மா, நான் நிமிந்து பாக்கல" என்றான். அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் இருந்தான். ஒரே வேட்பாளர் என்று பட்டினி கிடந்த பிள்ளை எங்கள் ஆளின் லாரியில் ஏறிக் கொடி பிடித்தான். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏன் ஏறினான் என்று கேட்கவும் இல்லை. உங்கள் வாசல்தான் அவனை ஏற்றிவிட்டது.

இனி தேர்தல். பட்டாளத்துக்காரர் ஜெயித்துவிட்டார். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் அவருக்கு விழுந்தது. உங்கள் ஆளுக்கு விழுந்ததையும் எங்கள் ஆளுக்கு விழுந்ததையும் சேர்த்தால் பாதிக்கு மேல். கூட்டிப் பார்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சந்தையில் மீன் எண்ணுகிற எனக்கே தெரிகிறது. பிள்ளைகள் அக்டோபரிலேயே இதைச் சொல்லிக்கொண்டுதான் தாழ்வாரத்தில் கிடந்தார்கள்.

ஓட்டு எண்ணும்போது எங்கள் தெருவில் ஒரே டிவி முன்னால் எல்லோரும். சியோலில் எங்கள் ஆள் உங்கள் ஆளை முந்தியதும் ஆரவாரம். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். யார் முதலில் வருகிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்கள். பிறகு, "பெட்டிய மாத்திட்டாங்க, திருட்டு ஓட்டு" என்றார்கள். இருக்கலாம். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்தது யார்?

நேற்று குவாங்ஜூ போனேன், தல்சூவைப் புதைத்த மண்மேட்டுக்கு. போகும்போது சோஜுச் சாராயம் ஒரு புட்டி வாங்கினேன். ஊற்றிவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்லவில்லை. அங்கே இன்னும் நாலைந்து பெண்கள் அப்படியே நின்றிருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே அசிங்கமாக இருந்தது.

இதை இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே ஆளுக்குப் போட்டவர்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடைசிப் பத்தி இதுதான். ஜுன்மோ தேர்தலுக்கு முன்பே சியோல் போனவன். போன் இல்லை. அவன் அறையில் கேட்டால் காலி செய்துவிட்டான் என்கிறார்கள். மிரான் உங்களிடம் இருக்கிறாளா? அவளுக்கு ஏதாவது தெரியுமா? ஒரு வரி போதும்.

போங்ரே


மாசான்
1988 ஜனவரி 10

அக்காவுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். அந்த ஒரு வரிகூட என்னிடம் இல்லாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மிரானும் இங்கே இல்லை. உங்கள் கடிதம் வந்தபோது நானும் உங்களைப்போலத்தான் தேடிக்கொண்டிருந்தேன். சியோலுக்கு இரண்டு முறை போய் வந்தேன். சிறையில்கூட விசாரித்தேன் அக்கா. அந்த வாசலில் நீங்கள் இல்லாமல் நிற்க என்னவோ போலிருந்தது.

நேற்று மிரான் வந்தாள். இரண்டு பேரும் நலம். முதலில் அதைப் படித்துவிட்டு மூச்சு விடுங்கள்.

அவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. டிசம்பர் 20 அன்றே. சியோலில் ஒரு மாதா கோயிலின் கீழ்த்தளத்தில், நண்பர்கள் மட்டும். ஆளுக்கொரு கிண்ணம் நூடுல்ஸ், அதுதான் விருந்தாம். பெற்றவர்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "யாரக் கூப்புடுறது? ஒரு வீட்டக் கூப்புட்டா இன்னொரு வீடு வராது. ரெண்டையும் கூப்புட்டா கல்லோட வருவீங்க" என்றாள். அவள் அப்பா பக்கத்து அறையில் இருந்தார். கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சியோலுக்காகக் கைதட்டினார் என்று எழுதினீர்கள். இவர் மறுநாள் காலையில், மொத்தக் கணக்கு வந்த பிறகு கைதட்டினார். எங்கள் ஆள் இரண்டாவதாக வந்துவிட்டாராம், உங்கள் ஆள் மூன்றாவதாம். "பாத்தியா, மூணாவது ஆள் யாருன்னு இப்பத் தெரிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டார். புருவத்தில் தையல் தழும்போடு, வாயெல்லாம் பல்லாக நின்றார். ஜெயித்தது யார் என்பதே அவர் முகத்தில் இல்லை. இருபத்தாறு வருஷம் அவரோடு குடித்தனம் செய்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டேன்.

மிரானிடம் கேட்டேன், "நீ யாருக்குடி போட்ட?" என்று. இதைக் கேட்டிருக்க வேண்டாம்.

"நம்ம ஊர் ஆளுக்கு" என்றாள்.

"நீயா? ஒருத்தர்தான் நிக்கணும்னு பட்டினி கெடந்தியே!"

"ஆமா. ரெண்டு பேர்ல யாருக்கு அதிகமா விழும்னு தோணுதோ அவருக்கே சேந்து போடலாம்னு நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் வச்சிருந்தோம். யாருக்கு அதிகமா விழும்ங்கறதுலயே சண்ட வந்துருச்சு. அவர் லாரில ஏறினது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு அவர் மூஞ்சியே வேண்டாம்னு இருந்துச்சு."

"மாப்பிள்ள?"

"அவங்க ஊர் ஆளுக்கு. ஒரே வரிசைல முன்னயும் பின்னயுமா நின்னோம்மா. மறைப்புக்குள்ள போயி முத்திரையக் குத்திட்டு வெளிய வந்து ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். கேக்க வேண்டிய அவசியமே இல்ல. என் ஓட்ட அவர் ஓட்டு தின்னுருச்சு, அவர் ஓட்ட என் ஓட்டு தின்னுருச்சு."

அவளே சொன்னாள்.

"அப்பாவத் திட்டிட்டு இருந்தேன், மாமாவத் திட்டிட்டு இருந்தேன், அந்த ரெண்டு பெரிய மனுஷங்களயும் கண்டபடி பேசினேன். வெளிய வந்து ஓரமா நின்னு வாந்தி எடுத்தேன். அவர் தண்ணி வாங்கிட்டு வந்து முதுகத் தடவி விட்டார். அப்பத்தான் சொன்னேன், தள்ளிப் போட வேண்டாம், இருபதாந் தேதியே வச்சுக்கலாம்னு. இன்னும் நாள் போனா இவர்கிட்டயும் பேச முடியாமப் போயிரும்னு பயமா இருந்துச்சு."

இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. மறைப்புக்குள் நின்றபோது உங்கள் ஆளின் பெயர்மேல் என் கண் போனது. உங்களை நினைத்தேன், உங்கள் தம்பியை நினைத்தேன். அங்கே குத்திவிடலாமா என்று கைகூட நகர்ந்தது. அப்புறம், அக்காவும் இதே நேரம் எங்கள் ஆளுக்குக் குத்திக்கொண்டிருந்தால் என்ன பயன் என்று தோன்றியது. ஒரு கடிதம் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே பக்கம் போட்டிருப்போம், எந்தப் பக்கமானால் என்ன. எழுத வேண்டாம் என்று எழுதியவள் நான்தான். பிறகு யார் எதற்கு விட்டுக்கொடுப்பது என்று, வழக்கம்போல எங்கள் ஆளுக்கே குத்திவிட்டு வந்தேன்.

அன்று வாசலில் நான் அழவில்லை அக்கா. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மிரான் திரும்பிப் போய்விட்டாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "நீங்களும் அத்தையும் ஒண்ணா வந்தா கதவு தொறக்கும். தனித்தனியா வந்தா தொறக்காது. அப்பாமார் இப்போதைக்கு வேண்டாம்."

என்ன செய்யலாம்? நீங்கள் சொல்லுங்கள்.

காப்சூன்


மோக்போ
1988 ஜனவரி 19

காப்சூன்,

பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். கோபமென்றால் நேரில் வந்து திட்டு.

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். மீன் வாங்க வந்தவள், "யாரு செத்தா?" என்று கேட்டாள். "யாரும் சாகல, என் பையனுக்குக் கல்யாணம்" என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நான் யாருக்குப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். யோசிக்கவே இல்லை. உள்ளே போனேன், எங்கள் ஆளுக்குக் குத்தினேன், வந்தேன். உனக்காவது கை நகர்ந்தது. பட்டாளத்தான் வரக் கூடாது என்பதுதான் என் அரசியல் என்று உனக்குப் பெரிதாக எழுதியவள், உன் வாசலில் கொட்டிய சிப்பிக்காகக் குத்திவிட்டு வந்தேன்.

அந்தப் பெண் வாந்தி எடுத்தாள் என்று படித்ததும்தான் எனக்குக் கொஞ்சம் தெளிந்தது. நம் நாலு பேரில் யாருக்கும் அது வரவில்லையே.

விடு. வேலையைப் பார்ப்போம். முப்பதாம் தேதி சனிக்கிழமை காலை ரயிலில் நான் மேற்குத் தேஜோனில் இறங்கி, பஸ் பிடித்துப் பெரிய ஸ்டேஷனுக்கு வருகிறேன். உன் மாசான் ரயில் அங்கேதானே நிற்கும்? நீயும் இறங்கு. நடைமேடையில் நின்றுகொண்டே நூடுல்ஸ் சாப்பிடுகிற கடை இருக்கிறது, அங்கே நில். என் ஊருக்கு நீ வரவும் வேண்டாம், உன் ஊருக்கு நான் வரவும் வேண்டாம். அங்கிருந்து ஒரே ரயில், ஒரே பெட்டி. சியோல் போய் ஒன்றாகக் கதவைத் தட்டுவோம். நான் கெளுத்தியும் காய்ந்த கடற்பாசியும் எடுத்து வருகிறேன். நீ போர்வை கொண்டுவா, அந்த அறையில் கட்டாயம் குளிரும். மஞ்சள் முள்ளங்கி ஊறுகாயை இரண்டு பேரும் கொண்டுவந்து சேரக் கூடாது, நீ மட்டும் போடு.

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். மகனுக்குக் கல்யாணம் ஆன சேதியைக் கேட்டுவிட்டு, "நானும் வரட்டுமா?" என்றார். "கூப்புடல" என்றேன்.

ஏப்ரலில் பாராளுமன்றத் தேர்தலாம். மறுபடியும் இரண்டு கட்சியும் தனித்தனியாம். சந்தையில் நேற்றே ஆரம்பித்துவிட்டார்கள். இன்று காலை இவர், எங்கள் ஆளின் கூட்டங்களுக்குக் கட்டிக்கொண்டு போகிற அந்த மஞ்சள் தலைப்பட்டையை அலமாரிக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்து, "அழுக்கா இருக்கு, கொஞ்சம் தொவச்சுப் போடேன்" என்று என்னிடம் நீட்டினார்.

"தண்ணி அங்க இருக்கு" என்று கையைக் காட்டிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்கா
போங்ரே